மடக்கெழுத்தாணி: நம் முன்னோரின் சட்டைப்பைக் கத்தி



போகி நெருங்குகிறது. பரணில் இருக்கும் டிரங்குப் பெட்டிகள் கீழே இறங்கும் காலம். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மேல்பட்டாம்பாக்கத்துக்குக் குடிவந்தவர்களில் சிலர், தாத்தா காலத்துப் பெட்டியைத் திறக்காமலே கொண்டுவந்திருப்பீர்கள். அதன் அடியில் துருப்பிடித்த சின்னக் கத்தி ஏதாவது கிடந்தால், பழைய இரும்புக்காரரின் தராசில் போடுமுன் ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். மடக்கியிருந்தால் மெல்ல விரியுங்கள். ஒரு பக்கம் கத்தி, மறுபக்கம் ஊசி போன்ற கூர்முனை என்று இருந்தால், உங்கள் கையில் இருப்பது மடக்கெழுத்தாணி. உங்கள் குடும்பத்தில் யாரோ ஒருவர் ஓலையில் எழுதியவர் என்பதற்கு அது சாட்சி.

பேனாக்கத்தியும் எழுத்தாணியும்

பையில் வைக்கும் சிறு கத்தியைப் 'பேனாக்கத்தி' என்கிறோமே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஐரோப்பாவில் பறவை இறகை நுனி சீவிப் பேனாவாக்கி எழுதினார்கள். எழுத எழுத நுனி மழுங்கும்; திரும்பத் திரும்பச் சீவ வேண்டும். அதற்காக எழுதுபவர் கூடவே வைத்திருந்த கத்திதான் பேனாக்கத்தி. 1820, 30களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் எஃகு நிப்புகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கியபின் இறகு மறைந்தது. கத்தியும் பெயரும் மட்டும் நிலைத்துவிட்டன.

நம் ஊரில் எழுதுபவருக்கும் கத்தி வேண்டியிருந்தது. இங்கே சீவப்பட்டது பேனா அல்ல, ஓலை. அதிக இளசாகவோ முற்றியோ இல்லாத பனையோலையை எடுத்து, நரம்பு நீக்கி, வேகவைத்து, உலர்த்தி, தேய்த்து மழமழப்பாக்குவார்கள். பிறகு எல்லா ஏடுகளும் ஒரே அளவில் இருக்கும்படி ஓரங்களைக் கத்தியால் வாருவார்கள். துளையிட்டுக் கயிறு கோத்தால் சுவடி தயார். எழுத்தாணியால் கீறி எழுதியபின் மை பூசித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும்.

எழுத்தாணியில் பல வகை இருந்தன. கொண்டை கனத்தது குண்டெழுத்தாணி. எழுதப் பழகுபவர்களுக்கு ஏற்றது. தலைப்பகுதியில் ஓலை வாருவதற்கான கத்தி அமைந்த நீளமானது வாரெழுத்தாணி. பிடிக்குள் மடங்கிக்கொள்வது மடக்கெழுத்தாணி. இந்தப் பிடி மரத்தாலோ, மாட்டுக் கொம்பாலோ, தந்தத்தாலோ ஆனதாக இருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்த உ.வே.சாமிநாதையர் (1855–1942) தம் இளமைக்கால நினைவுகளில் இவற்றை விவரித்திருக்கிறார். ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், பள்ளிக்கூட வாத்தியார், நாட்டு வைத்தியர், சோதிடர் என ஓலையோடு பழகிய எல்லோருக்கும் எழுத்தாணி தொழிற்கருவி.

ஏன் இவ்வளவு முக்கியம்?

ஓலைக்கு ஆயுள் உண்டு. நன்றாகப் பாதுகாத்தாலும் சில நூற்றாண்டுகளில் பொடிந்துவிடும். கரையான் புகுந்தால் அதற்கு முன்பே போய்விடும். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் தேவாரச் சுவடிகளைக் கரையான் அரித்திருந்த வரலாறு நம் பகுதியில் தெரியாதவர் இல்லை. ஆகவே ஒவ்வொரு நூலையும் தலைமுறைக்குத் தலைமுறை யாராவது புதிய ஓலையில் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தாக வேண்டும். சங்க இலக்கியம் இன்று நம் கையில் இருக்கிறதென்றால், பெயர் தெரியாத பலர் கத்தியும் எழுத்தாணியுமாக உட்கார்ந்ததால்தான்.

அச்சு வந்ததும் இந்தச் சங்கிலி அறுந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சுக்கூடம் 1712–13லேயே வந்துவிட்டது. ஆனால் 1835ல் அச்சகம் வைப்பதற்கான கட்டுப்பாடுகள் தளர்ந்தபிறகே தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. காகிதமும் எஃகு நிப்பும் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவின. நம் மேல்பட்டாம்பாக்கத்தில் கார்ல் ஓக்ஸ் என்ற பாதிரியாரோடு டேனிஷ் மிஷன் பணி தொடங்கிய 1860கள், இந்த மாற்றம் நடந்துகொண்டிருந்த காலம்தான்.

பயன்படாத ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டார்கள், தீயிலும் இட்டார்கள். இதைக் கேட்டு உ.வே.சா. பட்ட வேதனை அவர் எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ஏடு போனபின் எழுத்தாணி வெறும் இரும்பாகிவிட்டது.

அடையாளம் காண்பது எப்படி?

பெட்டியில் கிடைப்பது எழுத்தாணியாக இல்லாமல் சீமைப் பேனாக்கத்தியாகவும் இருக்கலாம். கத்தி பிடியோடு சேரும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். அங்கேதான் முத்திரை இருக்கும். நட்சத்திரமும் மால்டா சிலுவையும் இருந்தால் அது இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவன முத்திரை. 'வி', 'ஆர்' என்ற ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே கிரீடம் இருந்தால் விக்டோரியா ராணி காலம் (1837–1901). ஆனால் இந்த முத்திரைக்குப் போலிகள் அந்தக் காலத்திலேயே ஏராளம். மடக்கெழுத்தாணி நம் ஊர்க் கொல்லர் கைவேலை. அதற்கு, பிடியில் இருக்கும் தேய்மானமும் கீலின் அமைப்புமே அடையாளம்.

செய்ய வேண்டியவை, கூடாதவை

சாம்பலோ புளியோ போட்டுத் தேய்க்காதீர்கள். சாணை பிடிக்கவே கூடாது. பழைய முனையும் முத்திரையும் போய்விடும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, இரும்பில் மட்டும் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் தடவினால் போதும். கீல் இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு ஒருநாள் காத்திருங்கள். பலவந்தமாகத் திறந்தால் பிடி பிளக்கும். கடற்காற்று எட்டும் பகுதி நம்முடையது. புது செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றைக் கூடவே போட்டு வையுங்கள்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலை, கைவினைப் பொருள்களும், 75 ஆண்டுக்கு மேற்பட்ட அறிவு, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளும் தொல்பொருள்களே. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுத்தனுப்பும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். பிடி யானைத் தந்தமாக இருந்தால் அதை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கூடவே சுவடி ஏதும் கிடைத்தால் கட்டை அவிழ்க்காதீர்கள். உலர்ந்த ஏடு ஒடிந்துவிடும். பக்கத்திலேயே புதுச்சேரியில் 1955ல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. புதுச்சேரியின் சைவச் சுவடித் தொகுப்பு 2005ல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. அங்கோ, கடலூர் அரசு அருங்காட்சியகத்திலோ விசாரிக்கலாம்.

கடைசியாக ஒன்று. ஒரு சிறு தாளில் இது யாருடையது, எந்த ஊர், என்ன தொழில் செய்தார் என்று எழுதி அதனோடு கட்டி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் போகிக்குள் கேட்டுவிடுங்கள். இரும்புக்கு விலை கிலோக் கணக்கில்தான். அந்தத் தாள் இருந்தால்தான் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அது வெறும் இரும்பாகத் தெரியாது.