திரை காட்டும் மனமருத்துவமும் பல்கி எழுதிய மனமருத்துவமும்

இறைவன் எந்த நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி இறக்கவில்லை என்னும் கருத்துடைய நபிமொழியை நம் முன்னோர் உடல்நோய்க்கு மட்டும் உரியதாகக் கொள்ளவில்லை. உள்ளத்தின் நோய்க்கும் மருந்து தேடினர். இன்றோ மனமருத்துவம் எவ்வாறு நடைபெறும் என்பதை நம்மவருள் பலர் நூல்வழியாகவோ மருத்துவர்வழியாகவோ அறிவதில்லை. திரைப்படத்தின் வழியாகவே அறிகின்றனர். அத்திரை எதைக் கற்பிக்கின்றது, அக்கல்வி எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று நோக்கில் காண்பது பயனுடையதாகும்.

1925இல் ஹாலிவுட் தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வின், சிக்மண்ட் ஃபிராய்டின் துணையை நாடினார், ஃபிராய்டு இணங்கவில்லை. நுண்பொருளான தம் கோட்பாட்டைக் காட்சியாக வடிக்க இயலும் என்று அவர் நம்பவில்லை. எனினும் அவருடைய மாணாக்கர்களான கார்ல் ஆபிரகாம், ஹான்ஸ் ஸாக்ஸ் இருவரின் ஆலோசனையுடன், பாப்ஸ்ட் இயக்கிய 'ஓர் ஆன்மாவின் இரகசியங்கள்' 1926இல் ஜெர்மனியில் வெளிவந்தது. கத்தியைக் கண்டு அஞ்சும் ஒருவர் அதில் குணமடைகிறார். 1945இல் ஹிட்ச்காக்கின் 'ஸ்பெல்பவுண்ட்' இதனை உலகறியச் செய்தது. இளமையில் புதைந்துபோன ஒரு நிகழ்வு. அதைத் துப்பறிவாளர்போல் தேடும் மருத்துவர். நினைவு மீண்டதும் நோய் விலகுதல். ஓரிரு மணி நேரத்தில் முடிய வேண்டிய கதைக்கு இதைவிடப் பொருத்தமான மருத்துவம் வேறில்லை எனலாம்.

இதே வார்ப்பு நம் நாட்டிற்கும் வந்தது. ஃபாசில் இயக்கி 1993இல் வெளிவந்த மலையாளப் படமான 'மணிச்சித்திரத்தாழ்', 2005இல் பி. வாசுவின் இயக்கத்தில் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. மற்றவர் பேய் என்று அஞ்சியதை நோய் என்று அப்படம் உரைத்தது. இதனை நாம் பாராட்டவே வேண்டும். ஆயினும் சிகிச்சையாக அது காட்டியது என்ன? மாந்திரீகரின் துணையுடன் ஒரு சடங்கு. பழிதீர்த்துவிட்டதாக நோயாளியை நம்பவைக்க ஒரு பொம்மை. மயங்கி விழுந்தவர் நலமுடன் எழுகிறார். மருந்தில்லை, மாதங்களில்லை. 2016இல் வந்த இந்திப் படமான 'டியர் ஜிந்தகி' பல அமர்வுகளாக நிகழும் உரையாடலைக் காட்டியது நல்ல மாற்றம். அங்கும் இளமைக்கால வேதனை கண்ணீராக வெளிப்படுவதே திருப்புமுனையாக அமைந்தது.

இனி நம் மரபைப் பார்ப்போம். அல்கிந்தியின் மாணவரான அபூ ஸைத் அல்பல்கி (மறைவு: ஹிஜ்ரி 322, கி.பி. 934) 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்றொரு நூல் இயற்றினார். உடல்களின் நலன், உள்ளங்களின் நலன் என இரு பகுதிகள் கொண்டது அது. சினம், அச்சம், துயரம், வஸ்வாஸ் எனும் ஓயாத எண்ணச் சுழல் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்ந்தார். துயரத்தை இருவகையாகப் பிரித்தார்: காரணம் தெரிந்தது ஒன்று, காரணம் தெரியாதது மற்றொன்று. பின்னதன் வேர் உடலில் இருப்பதால் உடலுக்கு மருந்தும், உள்ளத்திற்கு இனிய உரையாடலும் வேண்டும் என்றார். நலமாயிருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கவேண்டும், அவசரத்திற்கு மருந்து சேமிப்பதுபோல் என்றார். வஸ்வாஸுக்கு ஆளானவர் தனிமையைத் தவிர்க்கவேண்டும் என்றும் அறிவுறுத்தினார். இவற்றுள் எதுவும் ஓரிரவில் முடிவதன்று. நாள்தோறும் பேணும் ஒழுக்கமாகவே அவர் சிகிச்சையைக் கண்டார்.

ஏட்டில் எழுதியதோடு முஸ்லிம் சமுதாயம் நிற்கவில்லை. 1354இல் அலெப்போவில் மம்லூக் ஆளுநர் அர்கூன் அல்காமிலி நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளருக்கென அறைகளும், முற்றங்களில் நீர்த்தடாகங்களும் அமைந்திருந்தன. அக்கட்டடம் இன்றும் அதற்குச் சான்று பகர்கின்றது.

அத்தகைய மரபுக்குரிய நாம் 2001 ஆகஸ்ட் 6ஆம் நாளை மறத்தலாகாது. புகழ்பெற்ற தர்கா அமைந்த ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றிக் கருகினர். உயிரிழந்தோர் 28 பேர். அவர்களை அங்கே சேர்த்தவர்கள் பகைவர்களல்லர். நலம் பெறுவார்கள் என்று காத்திருந்த குடும்பத்தினர்.

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆனால் ஒரே இரவில் அற்புதம் நிகழும் என்ற எதிர்பார்ப்பைச் சட்டத்தால் தடுக்க இயலாது. தர்காவில் அதை எதிர்பார்ப்பவரும், திரையைக் கண்டு மருத்துவரிடம் அதையே எதிர்பார்ப்பவரும் ஒரே பிழையைச் செய்கின்றனர். இரண்டாம் மாதத்தில் குணம் தெரியவில்லையென்று மாத்திரையை நிறுத்திவிடும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு ஜும்ஆ மேடையிலிருந்து சொல்லத்தக்க செய்தி இதுவே: துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும், பொறுமையுடன் உடனிருந்து பேசும் மனிதரும் வேண்டும். இம்மூன்றில் எதுவும் மற்றொன்றுக்கு ஈடாகாது.