கிவிப் பழத்துக்குப் பெயர் வந்த கதை

கொழும்பிலிருந்து கண்டாவளைக்கு வந்த மச்சாள் கிவிப் பழம் கொண்டுவந்தார். கையில் உருட்டிப் பார்த்த அம்மம்மா கேட்டார்: “சப்போட்டாவுக்கு மயிர் முளைச்ச மாதிரிக் கிடக்கு. எந்த ஊர்ப் பழம் பிள்ளை?”

நியூசிலாந்துப் பழம் என்றே பலரும் நினைக்கிறோம். ஆனால் இதன் பிறப்பிடம் சீனா. 1904இல் இசபெல் பிரேசர் என்ற பாடசாலை அதிபர் அங்கிருந்து விதைகளை நியூசிலாந்துக்குக் கொண்டுவந்தார். 1910இல் அங்கே முதன்முதலாகக் காய்த்தது. ‘சைனீஸ் கூஸ்பெரி’ என்றுதான் அழைத்தார்கள்.

அமெரிக்காவுக்கு ஏற்றுமதி தொடங்கியபோது அந்தப் பெயர் சந்தைக்கு ஒத்துவரவில்லை. ‘மெலனெட்’ என்று மாற்றப் பார்த்தார்கள். ஆனால் அங்கே முலாம்பழ வகைகளுக்கு இறக்குமதி வரி அதிகம். கடைசியில் 1959இல் டர்னர்ஸ் அன்ட் குரோவர்ஸ் நிறுவனம் ‘கிவி’ என்று பெயரிட்டது. கிவி நியூசிலாந்தின் பறக்காத பறவை. அதுவும் இந்தப் பழம்போலக் கபில நிறம். இறகும் மயிர்போலவே இருக்கும்.

இதை அம்மம்மாவுக்குச் சொன்னேன். பழத்தை வெட்டி எல்லோருக்கும் பங்கிட்டபடியே அவர் சொன்னார்:

“2009இல முகாமில எங்களையும் இலக்கத்தாலதான் கூப்பிட்டவங்கள். ஆனா ஆர் கேட்டாலும் நான் கண்டாவளை எண்டுதான் சொன்னனான்.”