கொண்டை சொன்ன உண்மை

ஆண்மை! மூன்றே எழுத்து. ஆனால், அந்த மூன்றெழுத்தைக் காட்டி மிரட்டப்பட்டோர் எத்தனை பேர், மயக்கப்பட்டோர் எத்தனை பேர், மடிப்பணத்தைப் பறிகொடுத்தோர் எத்தனை பேர்! வீரம் அதிலேதான் பிறக்கிறது என்றனர். குடும்பத்தை ஆளும் உரிமையே அதனால் வந்தது என்றனர். அது குறைந்தவன் மனிதனே அல்லன் என்று எள்ளி நகையாடினர். ஆனால், அது என்ன பொருள், உடலில் எங்கே உண்டாகிறது, எவ்வாறு வேலை செய்கிறது என்று கேட்டோர் மிகச் சிலர். அந்தச் சிலர் கண்ட விடையும், விடை கிடைக்குமுன்பே கடை விரித்த எத்தர்களின் ஆட்டமும் சேர்ந்ததுதான், இன்று தோலில் பூசும் ஜெல்லாக மருந்துக்கடைக்கு வந்திருக்கும் டெஸ்டோஸ்டிரோனின் வரலாறு.

ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர், ஆண்டு 1849. அர்னால்டு பெர்தோல்டு என்ற பேராசிரியர் ஆறு இளஞ் சேவல்களை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். விதை நீக்கப்பட்ட சேவலுக்குக் கொண்டை சிறுத்துப் போகும், கூவல் குன்றும், போர்க்குணம் போய்விடும். இது உழவர் நெடுங்காலமாக அறிந்ததே. பெர்தோல்டு அதற்கும் அப்பால் ஓர் அடி வைத்தார். நீக்கிய விதையை வேறொரு சேவலின் வயிற்றுக்குள் வைத்துப் பார்த்தார். என்ன வியப்பு! கொண்டை சிவந்து தழைத்தது. கூவல் கணீரென்று எழுந்தது. அறுத்துப் பார்த்தபோது, பழைய நரம்புத் தொடர்பு அறவே இல்லை. குடலை ஒட்டி, புதிய இரத்தக் குழாய்களுடன் விதை உயிரோடிருந்தது. நரம்பு இல்லை, ஆயினும் செய்தி கொண்டைக்கு எட்டியிருக்கிறது. அப்படியானால் செய்தியைச் சுமந்து சென்றது இரத்தமே! நான்கே பக்கங்களில் இந்தப் பேருண்மையை அவர் எழுதி வைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகம் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

சான்று காட்டியவரைக் கவனியாத அதே உலகம், சான்றின்றிப் பேசியவரைத் தோளிலே தூக்கி ஆடிற்று. 1889இல் பாரிசு நகரத்து உயிரியல் கழகத்தில் பிரௌன் செக்கார்டு என்னும் முதியவர் எழுந்து பேசினார். வயது 72. சாமானியர் அல்லர், புகழ்மிக்க பேராசிரியர். நாய், கினியாப் பன்றி ஆகியவற்றின் விதைகளை அரைத்து வடித்த சாற்றைத் தம் உடம்பில் தாமே ஊசி வழியாகச் செலுத்திக்கொண்டதாகவும், இழந்த வலிமை திரும்பிவிட்டதாகவும், மாடிப்படிகளை எளிதில் ஏற முடிவதாகவும் அறிவித்தார். கடல் கடந்து பரவிற்று செய்தி. கண்டவரெல்லாம் அந்தச் சாற்றைத் தேடி ஓடினர். உண்மை என்ன? டெஸ்டோஸ்டிரோன் நீரில் எளிதில் கரையும் பொருள் அன்று. 2002இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அதே முறையில் சாறு வடித்து அளந்து பார்த்தனர். பயன் தரும் அளவுக்கு அதிலே மருந்தே இல்லை! முதியவர் பொய் சொல்லவில்லை. வலிமை வரும் என்று நம்பினார்; வந்ததாகவே உணர்ந்தார். அறிஞரையும் ஏமாற்ற வல்லது ஆசை. ஆகவேதான், "எனக்குக் குணமாயிற்று" என்ற ஒருவர் சொல்லை, அவர் எவ்வளவு பெரியவராயினும், விஞ்ஞானம் சான்றாக ஏற்பதில்லை.

அவர் வழி திறந்தார், வணிகர் புகுந்தனர். 1920இல் செர்ஜ் வோரனோவ் என்ற அறுவை மருத்துவர், குரங்கின் விதையை மெல்லிய துண்டுகளாக அரிந்து மனிதனுக்குள் ஒட்டவைக்கத் தொடங்கினார். செல்வர் வரிசையில் நின்றனர். வேற்றுயிரின் சதையை மனித உடல் அழித்து விடும் என்பதை அவர்களுக்கு யார் சொல்வது? மாளிகை வாழ்வு மருத்துவருக்கு, தழும்பு நோயாளிக்கு!

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி வெள்ளாட்டு விதையை எடுத்தார். கட்டணம் 750 டாலர். நம் ஊர்ச் சந்தையில் சிட்டுக்குருவி லேகியம் விற்றவனுக்குக் கிடைத்தது தொண்டை ஒன்றுதான். பிரிங்க்லிக்கோ சொந்த வானொலி நிலையமே இருந்தது! காற்றிலே அச்சத்தைப் பரப்பினார். கையிலே காசை வாங்கினார். 1930இல் மருத்துவ உரிமம் பறிக்கப்பட்டது. அவர் சளைக்கவில்லை, அதே ஆண்டு மாநில ஆளுநர் தேர்தலில் நின்று ஏராளமான வாக்குகளும் பெற்றார். தம்மைப் போலி வைத்தியர் என்று எழுதிய மருத்துவ ஏட்டாசிரியர் மீது அவதூறு வழக்குத் தொடுத்து, 1939இல் அதில் தோற்ற பிறகே அவர் சரிவு முழுமையாயிற்று. 1942இல் நொடித்துப்போன நிலையில் மாண்டார்.

ஆட்டம் ஒருபுறம் நடக்க, ஆய்வுக்கூடத்தில் அமைதியாக வேறொரு பணி நடந்தது. 1927இல் சிகாகோவில் பிரெட் காக்கும் அவருடைய மாணவர் மெக்கீயும் 40 பவுண்டு காளை விதைகளிலிருந்து 20 மில்லிகிராம் சத்தைப் பிரித்தனர். காயடித்த சேவலுக்கு அதைச் செலுத்தக் கொண்டை வளர்ந்தது. பெர்தோல்டின் கொண்டையே அளவுகோலாயிற்று! 1931இல் அடால்ப் பூட்டனான்ட் ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீரை வடித்து, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆண்ட்ரோஸ்டிரோனை 15 மில்லிகிராம் அளவில் பெற்றார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழுவினர் தூய படிகமாகப் பிரித்த பொருளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் வைத்தனர். அதே ஆண்டில் பூட்டனான்டும், சுவிட்சர்லாந்தில் லியோபோல்டு ருசிக்காவும் கொலஸ்டிரால் என்னும் கொழுப்புப் பொருளிலிருந்தே அதை உருவாக்கிக் காட்டினர். 1939இல் இருவருக்கும் நோபல் பரிசு. நாஜி அரசு தடுத்ததால், பூட்டனான்ட் பரிசுப் பதக்கத்தை 1949இல்தான் பெற முடிந்தது.

மறைபொருளின் மர்மம் கலைந்தது. காரணமறியாது போற்றப்பட்ட 'ஆண்மை'க்குப் பின்னால் நின்றது, கரியும் நீரகமும் உயிரகமும் கூடிய ஒரு மூலக்கூறு. அதுமட்டுமா? ஆண் குதிரையின் சிறுநீரில், பெண்ணுக்கே உரியதென்று கருதப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருப்பதை 1934இல் பெர்ன்ஹார்டு சோன்டெக் கண்டார். பெண்ணின் சூலகமும் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. ஆணின் உடல் அதிலிருந்தே ஈஸ்ட்ரோஜனை ஆக்குகிறது. அளவிலே வேற்றுமை, பொருளிலே உறவு. ஆணுக்கு இயற்கை தந்த ஆட்சி முத்திரை இது என்பார், இந்த உண்மைக்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

மருந்து கிடைத்தும் தொல்லை தீரவில்லை. விழுங்கினால், குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய்ச் சிதைந்துவிடும். சிதையாதவாறு மாற்றி அமைத்த மாத்திரையோ கல்லீரலுக்கே கேடு செய்தது. எண்ணெயில் கரைத்து ஊசியாகப் போட்டால், முதல் சில நாள் அளவு ஏறும், பிறகு இறங்கும். ஏற்றமும் இறக்கமுமாக நோயாளி ஊசலாடினான். 1990களில் தோலில் ஒட்டும் பட்டைகள் வந்தன; பலருக்குத் தோல் சிவந்து அரித்தது. 2000ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் மருந்துத் துறை முதல் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லுக்கு இசைவு தந்தது. காலையில் தோளிலும் மேற்கையிலும் பூசினால் அதிலுள்ள சாராயம் ஆவியாகிவிடும். மருந்து தோலிலே தங்கி, நாள் முழுதும் சிறுகச் சிறுக இரத்தத்தில் இறங்கும். 50 மில்லிகிராம் பூசினால் உள்ளே போவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நலமுள்ள உடல் நாள்தோறும் சுரக்கும் அளவும் ஏறக்குறைய அதுவே. கல்லீரலைச் சுற்றிக்கொண்டு செல்ல ஒரு வழி கண்டது அறிவு!

யாருக்கு இது வேண்டும்? ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாகப் பிறந்தவருக்கு. இந்தக் குறைபாட்டை 1942இல் கிளைன்பெல்டர் விளக்கினார். பொன்னுக்கு வீங்கி நோயால் விதை பழுதுற்றவருக்கு. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி வந்தவருக்கு. புற்றுநோய்ச் சிகிச்சையால் சுரப்பை இழந்தவருக்கு. அறிகுறிகள் இருக்கவேண்டும், காலை வேளையில் இருமுறை சோதித்த இரத்தத்திலும் அளவு குறைந்திருக்க வேண்டும். ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழ் என்பது அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர்கள் வகுத்த எல்லை. இத்தகையோருக்கு இது கைகண்ட மருந்து. நீரிழிவாளன் இன்சுலின் போடுவதில் என்ன இழிவு? அதைவிட இதில் ஓர் இம்மியும் இழிவு இல்லை. அவர்களை ஏளனம் செய்து, மருத்துவரிடம் செல்லாதபடி வாயடைத்து வைத்த சமுதாயமே வெட்கப்படவேண்டும்.

ஆனால், பழைய சந்தை புதிய ஆடையில் மீண்டும் கூடிற்று. உண்டபின் உறக்கம் வருகிறதா, களைப்பு மிகுகிறதா, சிடுசிடுப்பு உண்டா என்று விளம்பரங்கள் கேட்டன. யாருக்குத்தான் இல்லை! 2001க்கும் 2011க்கும் இடையே, 40 வயதைக் கடந்த அமெரிக்க ஆடவரில் இம்மருந்தை எடுத்துக்கொண்டோர் பங்கு மும்மடங்காயிற்று. முதுமை என்னும் இயற்கையே நோயாக்கப்பட்டது. 2015இல் அந்நாட்டு மருந்துத் துறை தலையிட்டு, வயதால் மட்டுமே அளவு குறைந்தோருக்கு இதன் பயனும் தீங்கின்மையும் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மருந்துச் சீட்டில் எழுதச் செய்தது. 65 வயது நிரம்பிய 790 பேரிடம் நடந்து, 2016இல் வெளிவந்த ஆய்வில் உடலுறவு வேட்கை ஓரளவு கூடிற்று. சோர்வு நீங்கிச் சுறுசுறுப்பு வந்ததாகத் தெளிவாகவில்லை. 2023இல் வெளிவந்த பேராய்வு, இதயநோய் உள்ள அல்லது வரக்கூடிய 5,200க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. அளவு குறைந்தவர்களுக்கு ஜெல்லால் மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என்று கண்டது. அதே ஆய்வில், சீரற்ற இதயத் துடிப்பும் நுரையீரல் இரத்தக்கட்டியும் சற்றே மிகுந்திருந்தன. வெற்றியையும் குறையையும் ஒரே ஏட்டில் எழுதுவதுதான் விஞ்ஞானத்தின் நேர்மை. பிரிங்க்லியின் வானொலி தன் குறையை ஒருநாளேனும் சொன்னதுண்டா?

இளைஞர் இன்னொன்றும் அறியவேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால், "போதுமான அளவு இருக்கிறது" என்று பிட்யூட்டரி ஓய்ந்துவிடும், விதை வேலையை நிறுத்தும், விந்தணு அருகிப்போகும். 'ஆண்மை' வேண்டி வாங்கிய பொருளே தந்தையாகும் வாய்ப்பைத் தடுக்கும்! இரத்தம் தடிக்கலாம். பூசிய தோளிலே குழந்தை சாய்ந்தால் மருந்து குழந்தைக்கும் ஏறும்; பால்மணம் மாறாத பிள்ளைக்குப் பருவக்குறிகள் தோன்றியதால், 2009இல் கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. கைகழுவி, பூசிய இடத்தைத் துணியால் மூடவேண்டும்.

தோழர்களே! சேவலின் கொண்டையிலிருந்து மருந்துக்கடை ஜெல் வரை நூற்றைம்பது ஆண்டுகள். இந்த நெடும்பயணத்தில் அச்சத்தை விற்றவர் பொருள் குவித்தனர். அளந்து பார்த்தவர் உண்மையைக் குவித்தனர். குறையுற்றவனைக் கண்டால் நகைக்காதீர், மருத்துவரிடம் அனுப்புங்கள். குறையே இல்லாதவனிடம் குறை காட்டி விற்க வருபவனைக் கண்டால் அஞ்சாதீர். அளவு என்ன, சான்று எங்கே என்று கேளுங்கள். இரக்கம் ஒரு கையில், வினா மறு கையில். இவ்விரண்டும் உள்ளவனை எந்த எத்தனாலும் ஏய்க்க முடியாது.