விரிப்புக் குளத்தில் பார்வைக் கண்ணாடி

ரப்பர் அல்லது நெகிழி விரிப்புப் போட்ட மீன்குளத்தின் சுவரில், மீன்களைப் பக்கவாட்டில் பார்ப்பதற்காகப் பதிக்கும் நீர்புகாக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் பலகை. கோய் கெண்டையின் அழகு முதுகில் என்று மேலிருந்தே பார்ப்பது ஜப்பானிய மரபு; அந்தப் பார்வைக்கு இது தேவைப்படுவதில்லை.

பலகையின் மேல் விழும் அழுத்தம் குளத்தின் பரப்பைப் பொறுத்ததன்று, ஆழத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 9.8 கிலோபாஸ்கல் கூடும். நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் இறங்கும் 2 மீட்டர் அகலப் பலகையை நீர் சுமார் 1 டன் எடைக்கு ஈடான விசையுடன் தள்ளும். குட்டையானாலும் ஏரியானாலும் கணக்கு இதுதான். ஆகவே பலகையை, சுவர்த் திறப்பில் பொருத்திய சட்டத்தின் உட்புறத்தில், நீர் இருக்கும் பக்கம் வைக்க வேண்டும். அப்போது நீரே அதைச் சட்டத்தோடு அழுத்திப் பிடிக்கும். வெளிப்புறம் வைத்தால் முழுச் சுமையும் பசையின் தலையில்.

கசிவு பெரும்பாலும் கண்ணாடியில் வருவதில்லை. விரிப்பும் சட்டமும் சேரும் இடத்தில்தான் வரும். ஈ.பி.டி.எம். ரப்பரிலும் பாலித்தீனிலும் சிலிக்கான் சரியாக ஒட்டாது. எனவே ஒட்டுவதை நம்பாமல் இறுக்கிப் பிடிப்பதே வழி. திறப்பை மூடியபடி விரிப்பை மடிப்பில்லாமல், சற்றுத் தொய்வாகத் தொங்கவிட வேண்டும். இழுத்துக் கட்டினால் நீர் நிறையும்போது போல்ட் துளைகள் கிழியும். சட்டத்துக்கும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டைக்கும் நடுவே பியூட்டைல் நாடாவோடு விரிப்பை வைத்து, எதிரெதிர் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக முடுக்குவர். துளைகளைக் கத்தியால் கீறாமல் வட்டமாகக் குத்தி எடுப்பது நல்லது. கீறலின் முனையிலிருந்துதான் கிழிசல் ஓடும். திறப்பின் நடுவிலுள்ள விரிப்பை வெட்டுவது இதற்கெல்லாம் பிறகே. அவசரப்பட்டு முதலிலேயே வெட்டியவருக்குப் பெரும்பாலும் புது விரிப்புதான்.

பலகையையும் சட்டத்தையும் ஒட்டச் சிலிக்கான் பொருந்தும். ஆனால் காடி வாடை வீசும் வகை சிமெண்டையும் சில உலோகங்களையும் அரிக்கும். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறை வகை மீனுக்கு ஆகாது. வாடையில்லாத நடுநிலை வகையில், மீனுக்குத் தீங்கில்லை என்று குறிப்பிட்டதே ஏற்றது. அது காற்றின் ஈரத்தால் இறுகுவதால், தடித்த பூச்சுக்குப் பல நாள் பிடிக்கும்.

கண்ணாடி என்றால் அடுக்குக் கண்ணாடியே பாதுகாப்பு: உடைந்தாலும் நடுப்படலம் துண்டுகளைப் பிடித்து வைக்கும். தனி டஃபன் (வெப்பத்தால் கடினப்படுத்திய) கண்ணாடி நொடியில் நொறுங்கிக் கொட்டிவிடும். அக்ரிலிக் அதே தடிமனில் கண்ணாடியின் பாதி எடைதான்; ஆனால் சூட்டில் ஏழெட்டு மடங்கு அதிகம் விரியும். 2 மீட்டர் பலகை 30 பாகை வெப்பமாற்றத்தில் சுமார் 4 மில்லிமீட்டர் நீளுமாதலால், விளிம்பில் இடைவெளி விட வேண்டும். அக்ரிலிக்கில் விழும் கீறலை மெருகேற்றிப் போக்கலாம் என்பது ஒரு வசதி. பாசி துடைக்கும் பஞ்சில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கீறல் விழும் என்பதால், அந்த வசதி அடிக்கடியே தேவைப்படும்.