தேர்தலும் தீர்த்தலும்

வீரமாமுனிவர் என நாம் போற்றும் இத்தாலிய நாட்டு இயேசு சபைத் துறவி பெஸ்கி அடிகளார், 1732ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தளித்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளைக் கொண்டது அந்நூல். அதன் முதற்பகுதி ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தரும். இரண்டாம் பகுதி, ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களைத் தொகுத்துத் தரும். மறைபரப்ப வந்த துறவி ஒருவர் சொற்களின் நிறைகுறைகளை எடையிட்டுப் பார்ப்பதில் இத்துணை உழைப்பைச் செலவிட்டது ஏன்? சொல் பிழைத்தால் போதனையும் பிழைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஒரு பொருட்குப் பல சொல் இருப்பது மொழியின் செல்வம். ஆயினும் அவை யாவும் ஒரே நிறையுடையன அல்ல. முடிவு, தீர்மானம், தீர்ப்பு என்னும் மூன்றை எடுத்துக்கொள்வோம். முடிவு, ஒருவர் தாமே தமக்கு எடுப்பது. தீர்மானம், பெரும்பாலும் பலர் கூடி நிறைவேற்றுவது. தீர்ப்போ, இருவர் வழக்கில் மூன்றாமவர் வழங்குவது. இம்மூன்றும் செயலின் கடைசிப் படியைக் குறிக்கும் சொற்கள். அதற்கு முந்திய படிகளுக்கும் நம் முன்னோர் சொற்களை வைத்திருந்தனர். அவற்றை நாம் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டோம்.

அவற்றுள் தலையாயது 'தேர்தல்'. ஆராய்தல், ஆராய்ந்து தெரிந்தெடுத்தல் என்பதே அதன் பொருள். இன்று பள்ளியில் 'தேர்வு' என்றும், வாக்குச் சாவடியில் 'தேர்தல்' என்றும் அச்சொல் உலவுகின்றது. ஆராயாது வாக்களிப்பவர் தேர்தலில் கலந்துகொண்டாலும் தேர்ந்தவர் ஆகார்.

இச்சொல்லின் முழு வலிமையையும் சிலப்பதிகாரத்தில் காணலாம். பொற்கொல்லன் ஒருவன் கூறியதை மட்டும் கேட்டுப் பாண்டியன் கோவலனுக்குக் கொலைத் தண்டனை விதித்தான். கோவலனை அழைத்து ஒரு கேள்வியேனும் கேட்டானில்லை. சிலம்பு ஏந்தி அவைபுகுந்த கண்ணகி, மன்னனை விளித்த முதற்சொல்லே தேர்தல் என்னும் வினையின் எதிர்மறைதான். கொடியவன் என்றோ கொலைகாரன் என்றோ அவள் தொடங்கவில்லை. ஆராயாதவன் என்றே தொடங்கினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள். உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். மன்னன் தன்னையே கள்வன் எனக் கூறி வீழ்ந்து இறந்தான். ஒரு கேள்வியில் வெளிப்பட்டிருக்க வேண்டிய உண்மை, ஓர் உயிர் போன பின்னரே வெளிப்பட்டது.

தேர்தலை அடுத்து வருவது தெளிதல். திருக்குறளின் ஐம்பத்தோராம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்பது பெயர். முதலில் தெரிதல், பிறகு தெளிதல் என்னும் வரிசையை நோக்குக. கலங்கிய நீர் சற்றுநேரம் அசையாதிருந்தால் தெளியும். கையை விட்டுத் துழாவினால் மேலும் கலங்கும். 'தெள்ளுதல்' என்றொரு சொல்லும் நம் வீடுகளில் உண்டு. முறத்தில் இட்டுத் தெள்ளும் பெண்கள் கல்லையும் குருணையையும் தானியத்தினின்று பிரிக்கிறார்கள். அவர்கள் தானியத்தை வெறுப்பதுமில்லை, கல்லின்மேல் சினங்கொள்வதுமில்லை. இரண்டையும் பிரித்தறிவதே அவர்களுடைய பணி.

இவ்விடத்தில் விவிலிய மொழிகளை நோக்கினால் வியப்பு மேலிடுகின்றது. புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்கத்தில் தீர்ப்பிடுதலைக் குறிக்கும் 'கிரினோ' என்னும் வினைக்குப் 'பிரித்தல்' என்பதே அடிப்படைப் பொருள். நம் முறத்தின் வேலைதான் அது! அதனின்று பிறந்த 'கிரிசிஸ்' என்னும் சொல்லை அந்நாட்டுப் பண்டை மருத்துவர்கள், நோய் தணியுமா மிகுமா என்பது வெளிப்படும் கட்டத்திற்குப் பெயராக வழங்கினர். ஆங்கிலத்தில் 'டிசைட்' என்னும் சொல்லோ, 'வெட்டி நீக்குதல்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லினின்று வந்தது. 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று நாம் சொல்வதில்லையா? பிரித்தறிதல் வேறு, வெட்டியெறிதல் வேறு.

சாலமோன் அரசர் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர். அவர் ஆண்டவரிடம் வேண்டியது, எபிரேய மூலத்தின்படி, 'செவிகொடுக்கும் உள்ளம்'. குழந்தைக்காக வழக்காடிய இரு பெண்களின் நடுவே அவர் வாளைக் கொணரச் செய்தது குழந்தையை வெட்டுவதற்கன்று. உண்மையையும் பொய்யையும் பிரிப்பதற்கே. உண்மைத் தாய் வாய்திறந்ததும் வாள் தன் பணியை முடித்துவிட்டது.

நம் திருச்சபையின் பழந்தமிழிலும் ஓர் அருஞ்சொல் உண்டு. முதியோர் சொல்லிவந்த பழைய விசுவாச மந்திரத்தில், ஆண்டவர் சீவியரையும் மரித்தவரையும் 'நடுத்தீர்க்க' வருவார் என்றிருந்தது நினைவிருக்கலாம். இன்று 'தீர்ப்பு வழங்க' என்கிறோம். புதிய சொல் எளிது. எனினும் பழைய சொல்லில் இரு பொருள்கள் உறைந்துள்ளன. ஒன்று, 'நடு'. ஒருபாலும் சாயாமல் நடுவில் நிற்பதே நீதி என்பது தமிழர் கொள்கை. வள்ளுவர் அதற்கென 'நடுவு நிலைமை' என ஓர் அதிகாரமே வகுத்தார். அரசனென்றும் ஆண்டியென்றும் பாராத யமனைப் பழைய நூல்கள் 'நடுவன்' என்றன. இன்றும் குற்றவியல் நீதிமன்றத்தில் அமர்பவரை 'நடுவர்' என்கிறோம்.

மற்றொன்று, 'தீர்'. நோய் தீர்ந்தது, கடன் தீர்ந்தது, பகை தீர்ந்தது, ஐயம் தீர்ந்தது என்கிறோம். இவற்றிலெல்லாம் ஒருவர் ஒரு சுமையினின்று விடுபடுகிறார். தீர்ப்பும் அவ்வேரினின்று கிளைத்ததே. முடிந்தது எல்லாம் தீர்ந்தது ஆகாது. வழக்கு முடிந்த பின்னும் பகை தீராதிருப்பதை நம் ஊர்களில் காண்கிறோமே! பழைய ஏற்பாட்டில், 1995ஆம் ஆண்டின் திருவிவிலியம் 'நீதித்தலைவர்கள்' என்றும், பழைய மொழிபெயர்ப்பு 'நியாயாதிபதிகள்' என்றும் அழைக்கும் பெருமக்கள், வழக்குத் தீர்த்தவர்கள் மட்டுமல்லர். ஒடுக்கப்பட்ட மக்களின் துயர் தீர்த்தவர்கள். எபிரேயச் சொல் இரண்டையும் தழுவி நிற்கிறது. ஆகவேதான், ஆண்டவர் தீர்ப்பு வழங்க வருகிறார் என்று திருப்பாடலாசிரியர் அஞ்சி நடுங்கவில்லை. ஆறுகளையும் மலைகளையும் கூட்டிக்கொண்டு ஆர்ப்பரிக்கிறார்.

இவ்வளவையும் நாம் நூல்களில் மட்டும் கற்கவில்லை. குருத்துவத்தின் தொடக்க ஆண்டுகளில், சிற்றூர்ப் பங்கொன்றில் திருவிழா நெருங்கியபோது, எட்டாம் திருநாள் உபயம் யாருக்குரியது என்று இரு குடும்பத்தாரிடையே பூசல் எழுந்தது. தம் பாட்டனார் காலந்தொட்டு அது தம் வீட்டு உபயம் என்றார் ஒரு முதியவர். மறுதரப்பினர் எண்ணிக்கையில் மிக்கவர், உரக்கப் பேசுபவர். திருவிழா தடைப்படலாகாதே என்னும் பதற்றத்தில் அரை மணி நேரத்தில் மறுதரப்பினருக்குச் சார்பாக முடிவு கூறினோம். கொடியேறியது, தேர் ஓடியது. அன்று முதல் அம்முதியவர் கோவிலுக்கு வரவில்லை.

இரண்டாண்டுகள் கழிந்து, திருப்பண்ட அறையின் அலமாரியைத் துப்புரவு செய்கையில் பழைய உபயக் கணக்கேடு ஒன்று கிடைத்தது. எட்டாம் நாளுக்கு எதிரே அவருடைய பாட்டனாரின் பெயர், ஆண்டுதோறும், தெளிவான கையெழுத்தில் இருந்தது. ஏட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணைக்குப் போனோம். அவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. "உபயம் போனது பெரிதில்லை, சாமி. அன்றைக்கு நீங்கள் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே" என்றார். பாண்டியன் அவையில் கண்ணகி கூறிய அதே குற்றச்சாட்டு! அந்த ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று எம் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார்.

தீர்ப்பிடாதீர்கள் என்று மலைப்பொழிவில் பணித்த ஆண்டவர், யோவான் நற்செய்தியில், தோற்றத்தைக் கண்டு தீர்ப்பிடாமல் நேர்மையோடு தீர்ப்பிடுங்கள் என்றும் பணிக்கிறார். இவ்விரண்டும் முரண்பட்டவை அல்ல. பிறரை வெட்டியெறியும் உரிமை நமக்கில்லை; நன்மையையும் தீமையையும் பிரித்தறியும் கடமை நமக்குண்டு. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் மூத்தோர் கூறியதிலும் அந்தத் 'தீர' என்னும் சொல் இருக்கின்றதன்றோ?

மகளின் திருமணத்தைக் குறித்தோ, மகனின் படிப்பைக் குறித்தோ, அண்டை வீட்டாரின் நடத்தையைக் குறித்தோ நாவின் நுனியில் ஒரு முடிவு வந்து நிற்கும்போது, அதனைச் சற்றே நிறுத்தி வைப்போம். சம்பந்தப்பட்டவரிடம் ஒரு கேள்வி கேட்போம். விடையை முழுமையாகச் செவிமடுப்போம். தேர்ந்து, தெளிந்து, நடுவில் நின்று பேசினால், நாம் சொல்லும் சொல் வழக்கை முடிப்பதோடு நில்லாது, மனப்புண்ணையும் தீர்க்கும்.