பேராசிரியர் இருக்கையும் நிறத்தடையும்: அமெரிக்க அறுவை மருத்துவக் கல்வியில் ஒரு மரபின் வரலாறு

மருத்துவக் கல்லூரி ஆசிரியர் ஒரே தேர்வில் உருவாவதில்லை. பட்டம் பெற்றபின் பெரிய மருத்துவமனையில் பல ஆண்டுகள் முதுநிலைப் பயிற்சி பெற்று, சிறப்புத்துறை வாரியத்தின் தேர்வில் வென்று, மூத்த பேராசிரியர் ஒருவரின் ஆதரவில் ஆய்வு செய்தவரே அந்த இருக்கையை அடைகிறார். எனவே, ஆசிரியர் குழுவில் ஓர் இனத்தார் அருகிக் காணப்படுவதற்கான காரணத்தை மாணவர் சேர்க்கைப் பட்டியலில் மட்டும் தேடுவது போதாது. பயிற்சி மரபு எங்கே அறுந்தது என்பதையும் காணவேண்டும். அமெரிக்கக் கறுப்பின அறுவை மருத்துவர்களின் வரலாற்றை இந்நோக்கில் இக்கட்டுரை அணுகுகிறது.

உள்நாட்டுப் போருக்குப் பின், வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழக மருத்துவத்துறை 1868இலும் நாஷ்வில்லில் மெஹாரி மருத்துவக் கல்லூரி 1876இலும் தோன்றின. ஹோவர்டில் பணியேற்ற அலெக்சாண்டர் அகஸ்டாவே அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் ஆசிரியரான முதல் கறுப்பினத்தவர். போரில் படை மருத்துவராகப் பணிபுரிந்த அவரை உறுப்பினராக ஏற்க அந்நகர மருத்துவச் சங்கம் மறுத்தது.

1910இல் கார்னகி அறக்கட்டளையின் சார்பில் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அப்போதிருந்த ஏழு கறுப்பினக் கல்லூரிகளுள் ஹோவர்டும் மெஹாரியும் மட்டுமே பேணத்தக்கவை என்றார். 1923க்குள் ஏனைய ஐந்தும் மறைந்தன. ஆய்வுக்கூடமின்றிக் கட்டண வருவாயையே நம்பியிருந்த வெள்ளையர் கல்லூரிகள் பலவும் மூடப்பட்டன. அந்த அளவில் அளவுகோல் பொதுவானதே. ஆனால் கறுப்பின மருத்துவரின் கடமையை அவ்வறிக்கை வகுத்த விதம் பொதுவானதன்று. தம் மக்களிடையே சுகாதாரத்தைப் பரப்புவதே அவர்களுக்குரிய பணி. அறுவை மருத்துவம் அவர்களுக்கு அத்துணை முதன்மையானதன்று என்பது ஃபிளெக்ஸ்னரின் கருத்து. கல்லூரிகள் மூடப்பட்டதைவிட நெடுங்காலம் தீங்கு விளைத்தது இக்கருத்தே எனலாம்.

மூடப்பட்ட ஐந்து கல்லூரிகளும் நிலைத்திருந்தால் 2019 வரை 27,773 முதல் 35,315 பேர் கூடுதலாகப் பட்டம் பெற்றிருக்கக்கூடும் என்று 2020இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. வளர்ச்சி வேகம் பற்றிய ஊகத்தின்மேல் நிற்கும் கணக்கு இது. எனினும் இழப்பின் பருமனை உணர்த்தப் போதுமானது.

அறுந்த மரபை மீண்டும் பிணைக்கும் முயற்சி ஹோவர்டிலேயே தொடங்கிற்று. 1929இல் நூமா ஆடம்ஸ் அக்கல்லூரியின் முதல் கறுப்பின முதல்வரானார். இளம் ஆசிரியர்களை வெளிப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பி, சிறப்புத்துறைப் பயிற்சியுடன் திரும்பச் செய்வதே அவரது திட்டம். ராக்ஃபெல்லர் நிதியில் இயங்கிய பொதுக்கல்வி வாரியம் இதற்கு உதவித்தொகை அளித்தது. அவ்வாறு 1938இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றவர் சார்லஸ் ட்ரூ. சேமிக்கப்பட்ட குருதியைப் பற்றிய ஆய்வேட்டுக்காக 1940இல் முனைவர் பட்டம் பெற்றார். செஞ்சிலுவைச் சங்கத்தின் குருதி வங்கிப் பணியை முடித்து, 1941இல் ஹோவர்டின் அறுவை மருத்துவத் துறைத்தலைவரானார்.

ட்ரூவைக் குருதி வங்கியோடு மட்டும் இணைத்துப் பேசுவது வழக்கம். அவரது ஆசிரியப் பணியே வரலாற்றில் கூடுதல் இடம் பெறத்தக்கது என்பது எம் கருத்து. 1941 முதல் 1950 வரை அமெரிக்க அறுவை மருத்துவ வாரியத்தின் சான்று பெற்ற கறுப்பினத்தவருள் பாதிக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்றவர்கள். அதே காலத்தில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கதவு அவருக்கு மூடியே இருந்தது. 1950இல் வட கரோலினாவில் சாலை விபத்தில் இறந்தார். வெள்ளையர் மருத்துவமனை சிகிச்சை மறுத்ததால் இறந்தார் என்னும் கதை பரவலாக வழங்குகிறது, அது உண்மையன்று. அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காக்க முயன்றனர். அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரி தன் உறுப்பினர் தகுதியை அவருக்கு வழங்கியது 1951இல், அவர் மறைந்த பின்னர்தான்.

வெள்ளையர் நிறுவனங்களில் நிலை வேறு. வாண்டர்பில்ட் ஆய்வுக்கூடத்தில் துப்புரவுப் பணியாளர் என்னும் பதவிப்பெயரில் ஊதியம் பெற்ற விவியன் தாமஸ், 1941இல் ஆல்ஃபிரட் பிளாலக்குடன் ஜான்ஸ் ஹாப்கின்ஸுக்கு வந்தார். நீலநிறக் குழந்தைகளுக்கான இதய அறுவைமுறையை விலங்குகளில் சோதித்துச் செப்பம் செய்தவர் அவரே. 1944இல் முதல் அறுவை நிகழ்ந்தபோது பிளாலக்கின் பின்னே நின்று வழிகாட்டினார். வெள்ளை மருத்துவர் பலருக்கு அறுவைநுட்பம் கற்பித்தார். கௌரவ முனைவர் பட்டம் வந்தது 1976இல். கற்பித்தல் நிகழ்ந்தது, ஆசிரியர் என்னும் பெயர்தான் மறுக்கப்பட்டது. ஹார்வர்டில் நெடுங்காலம் கற்பித்த வில்லியம் ஹின்டனும் 1949இல், ஓய்வுக்கு ஓராண்டு முன்னரே, பேராசிரியரானார்.

2018ஆம் ஆண்டுக் கணக்கின்படி அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் முழுநேர ஆசிரியருள் கறுப்பினத்தவர் 3.6 விழுக்காடு, ஆசியர் 19.2 விழுக்காடு. இவ்விரு எண்களை ஒப்பிட்டு முயற்சியின் அளவை முடிவு செய்வோர் உண்டு. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் அங்குச் சென்ற ஆசிய மருத்துவர் பலர், சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் தம் நாட்டு மக்களின் வரிப்பணத்தில் பட்டம் பெற்றுச் சென்றவர்கள். அவர்களது அடிப்படை மருத்துவப் பயிற்சி மரபு ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை எட்டாத இடத்தில் வளர்ந்தது.