பிள்ளை டாக்டரும் மன டாக்டரும்: ஒரு சரித்திரக் குறிப்பு

நம் ஊர்ப் பக்கம் பிள்ளையை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தாயும் கூடவே இருப்பாள். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் பாட்டியும் படுத்திருப்பாள். இது நமக்குச் சாதாரணம். இங்கிலாந்தில் இதற்காகவே வருஷக்கணக்கில் வாதாட வேண்டியிருந்தது என்று படித்தபோது எனக்கு வியப்பாகத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் அங்கே பல மருத்துவமனைகள் பெற்றோரை வாரத்துக்கு ஒரு தடவைதான் உள்ளே விட்டன. தொற்று வரும், தாயைப் பார்த்தால் பிள்ளை அழும் என்பார்கள். சில நாளில் அழுகை நின்றுவிடும். பிள்ளை பழகிவிட்டது என்று டாக்டர்களுக்குத் திருப்தி.

இதை மறுத்த ஜேம்ஸ் ராபர்ட்சன் டாக்டர் அல்லர். போர்க்காலத்தில் அன்னா ஃப்ராய்ட் நடத்திய ஹாம்ப்ஸ்டெட் குழந்தைகள் இல்லத்தில் பாய்லர் பார்த்துக்கொண்டவர். அங்கே எந்த வேலை செய்பவரானாலும், பிள்ளைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். (கல்லூரி வாசல் மிதிக்காத என் போன்ற கடைக்காரனுக்கு இந்த இடம் தனி ருசி.) 1948 முதல் டாவிஸ்டாக் கிளினிக்கில் மனநல மருத்துவர் ஜான் பௌல்பியோடு சேர்ந்து வார்டு வார்டாகக் கவனித்தார். முதலில் பிள்ளை முரண்டு பிடிக்கிறது. பிறகு நம்பிக்கை இழந்து ஓய்கிறது. கடைசியில் தாய் வந்தாலும் முகம் திருப்புகிறது. அடங்கின பிள்ளை தேறின பிள்ளை இல்லை என்றார் அவர்.

வாய்ச்சொல் எடுபடவில்லை. குடலிறக்க அறுவைக்காக எட்டு நாள் தங்கிய லாரா என்ற இரண்டு வயதுச் சிறுமியைப் படம் பிடித்து, 1952-ல் லண்டனில் டாக்டர்கள் சபையில் காட்டினார். சபை கொதித்தது. கோபப்பட்டவர்களில் டெர்மட் மக்கார்த்தி என்ற குழந்தை மருத்துவரும் ஒருவர். ஆனால் தம் வார்டுக்குத் திரும்பியதும், அதுவரை காதில் விழாத அழுகை அவருக்குக் கேட்க ஆரம்பித்தது. அமெர்ஷாமில் தாய்மாரைக் கூடவே தங்க வைத்தார். ராபர்ட்சனின் 1958-ம் வருஷத்துப் படம் அந்த வார்டில்தான் எடுக்கப்பட்டது!

குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் கல்நெஞ்சர் என்று எண்ண வேண்டாம். நியூகாசிலில் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் 1920-களிலேயே தாய்மாரை உள்ளே சேர்த்தவர். ஆனாலும் அந்த ஏற்பாடு நாடு முழுக்கப் பரவவில்லை. மனத்தைப் படித்தவர் சொன்னதை உடம்பைப் பார்ப்பவர் ஏற்ற பிறகுதான் கதவு அசைந்தது என்பது என் கணிப்பு.

1959-ல் அரசு நியமித்த பிளாட் குழு, பெற்றோர் எந்நேரமும் வரலாம், சின்னப் பிள்ளைகளோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை காகிதத்தில் இருந்தது. வார்டுகள் பழையபடியே நடந்தன. 1961-ல் லண்டன் பாட்டர்சியில் தாய்மார்களே சங்கம் கூட்டி, ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய்க் கேட்கத் தொடங்கினார்கள்.